பாலிகிராஃப் என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏதாவது ஒரு வழக்கில் ‘உண்மை கண்டறியும் சோதனை’ என்று செய்தி வரும்போதெல்லாம் கேள்வி கேட்கும்போது மூச்சு, நாடி, வியர்வை மாறுவதைக் கோடுகளாகப் பதியும் கருவியான ‘பாலிகிராஃப்’ என்ற சொல்லைப் பற்றி அதே சந்தேகங்கள் கிளம்புகின்றன. நிருபர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், சட்ட மாணவர்கள், சும்மா சொல்லாராய்ச்சியில் ஆசை உள்ளவர்கள் எல்லாரும் கேட்டவற்றை அவரவர் பேசிய மாதிரியே கீழே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

1. பாலிகிராஃப்னா ‘பொய்யைக் கண்டுபிடிக்கிற மெஷின்’னுதானே அர்த்தம்?

இல்லை. அந்தச் சொல்லுக்குள் பொய்யும் இல்லை, கண்டுபிடிப்பும் இல்லை. கிரேக்க மொழியில் ‘பொலுஸ்’ என்றால் பல, மிகுதி. ‘கிராஃபெய்ன்’ என்றால் எழுதுதல். இரண்டையும் சேர்த்தால் ‘பலவற்றை எழுதுவது’. அவ்வளவுதான்.

கிராஃபெய்ன் என்பதற்கு முதற்பொருள் கீறுதல். கீறியே எழுதிய காலத்துச் சொல் அது. பிறகு எழுதுவதற்கும் படம் வரைவதற்கும் பொதுவாயிற்று. நம் ‘எழுது’வும் அப்படித்தானே: கடிதம் எழுதுகிறோம், கண்ணுக்கு மையும் எழுதுகிறோம், ஓவியம் எழுதினான் என்பதும் பழைய வழக்கு. பாலிகிராஃப் செய்வது மை எழுதும் வகை எழுத்து. காகிதத்தில் கோடு இழுக்கும். எதைப் பற்றிய கோடு என்று பெயர் சொல்வதில்லை.

2. கிரேக்க ‘பாலி’யும் தமிழ்ப் ‘பல’வும் ஒன்றுபோல இருக்கின்றனவே, ஒரே வேர்தானா?

ஒலியும் பொருளும் ஒத்திருப்பதால் ஆசை வருவது இயல்பு. ஆனால் ‘பல’ திராவிடச் சொல். மலையாளத்தில் ‘பல’, பழங்கன்னடத்தில் ‘பலவு’, இன்றைய கன்னடத்தில் ‘ஹலவு’ என்று அதன் உறவுகள் தெளிவாகத் தெரிகின்றன. கிரேக்கச் சொல்லுக்கு வேறு குடும்பம். இரண்டையும் இணைக்கும் சான்று இல்லை, தற்செயல் ஒற்றுமை.

தமிழில் உண்மையான உறவுக்காரச் சொல் ஒன்று உண்டு. அது கொழுக்கட்டைக்குள் இருக்கிறது. ‘நிரப்பு’ என்று பொருள்படும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிரேக்கத்தில் பொலுஸ் வந்தது. அதே வேரிலிருந்து வடமொழியில் ‘பூர்ண’ வந்தது. அதை நாம் ‘பூரணம்’ என்று எடுத்துக்கொண்டோம். ஆக, பாலிகிராஃபின் முற்பாதிக்கும் கொழுக்கட்டைப் பூரணத்துக்கும் தூரத்துச் சொந்தம்.

3. போலீஸ், பாலிசி, பாலிடெக்னிக், பாலிதீன், பாலிகிராஃப்... இதில் எதெல்லாம் ஒரே ‘பாலி’?

பாலிடெக்னிக் (பல தொழில்நுட்பம்), பாலிதீன், பாலியஸ்டர் மூன்றும் பாலிகிராஃபுடன் ஒரே வீடு. போலீஸ் வேறு: அது ‘பொலிஸ்’, அதாவது நகரம் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வடமொழிப் ‘புர’த்துக்கு அது உறவு என்பது பெரும்பாலான மொழியியலாளர் கருத்து, காஞ்சிபுரத்தின் ‘புரம்’ அதுவே. இன்சூரன்ஸ் பாலிசிக்கு இவை எதனோடும் தொடர்பில்லை; அது ரசீது, சான்று என்ற பொருளில் இத்தாலிய மொழி வழியாக வந்தது.

பிற்பாதிக்கும் இதே எச்சரிக்கை. டெலிகிராஃப், ஆட்டோகிராஃப், போட்டோகிராஃபர், பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட் எல்லாம் ‘எழுது’ குடும்பம். சலூனில் வெட்டும் ‘கிராப்பு’ மட்டும் கிடையாது. அது ஒட்ட நறுக்குவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்.

4. சில இடத்தில் பாலிகிராம்னு போட்டிருக்கு. அச்சுப்பிழையா?

பெரும்பாலும் பிழையில்லை. ‘கிராஃப்’ என்று முடிந்தால் எழுதும் கருவி. ‘கிராம்’ என்று முடிந்தால் எழுதப்பட்ட பதிவு. கார்டியோகிராஃப் இயந்திரம், அதிலிருந்து வரும் தாள் கார்டியோகிராம். அதுபோல, பாலிகிராஃப் எழுதித் தரும் கோட்டுத்தாளைப் பாலிகிராம் என்று சொல்வதுண்டு. ஆனால் இந்த ஒழுங்கு எல்லா இடத்திலும் செல்லாது. டெலிகிராஃப் கருவி, டெலிகிராம் செய்தி என்பது பொருந்துகிறது. போட்டோகிராஃப் என்பது படத்தையே குறிக்கிறதே!

5. போலீஸ்காரர்கள் கைக்கு வருவதற்கு முன்னால் இந்தச் சொல் எங்கே இருந்தது?

பல இடங்களில். கிரேக்கத்தில் ‘பொலுகிராஃபொஸ்’ என்றால் எழுதித் தள்ளுபவர், பல நூல் செய்தவர். ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் இந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1518இல் அச்சான, ஜெர்மானியத் துறவி டிரிதேமியுஸ் எழுதிய ‘பாலிகிராஃபியா’, சங்கேத எழுத்தைப் பற்றிய முதல் அச்சு நூல். ஒரு செய்தியைப் பலவிதமாக மறைத்து எழுதுவதால் அங்கே அந்தப் பெயர். ரகசியத்தை மறைக்கும் கலைக்கு வைத்த பெயர் பிற்பாடு ரகசியத்தைத் துருவும் கருவிக்குப் போனது வேடிக்கைதான்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் பாலிகிராஃப் என்றால் நகலெடுக்கும் சாதனம். இவற்றில் பேர்போனது ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் 1803இல் காப்புரிமை பெற்றது. மேசைமேல் ஒரு மரச்சட்டம். அதில் மூட்டுக் கம்பிகளால் பிணைத்த இரண்டு பேனாக்கள். ஒன்றைப் பிடித்து நீங்கள் கடிதம் எழுதினால், மற்றது பக்கத்துத் தாளில் அச்சு அசலாக அதையே எழுதும். மை தொடும்போதும் இரண்டும் சேர்ந்தே மைக்கூட்டுக்குப் போகும். பிலடெல்ஃபியாவில் சார்லஸ் வில்சன் பீல் இதைச் செய்து விற்றார்.

அதன் பெரிய ரசிகர் அமெரிக்க ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன். 1804 முதல் 1826இல் இறக்கும்வரை கடிதங்களுக்கு நகல் வைக்க இதையே பயன்படுத்தினார். மூட்டுகள் தளர்ந்தால் நகல் கோணலாகும் என்பதால் பீலுக்குத் திருத்தம் சொல்லி எழுதிக்கொண்டே இருந்தார். ஜெஃபர்சனிடம் போய்ப் பாலிகிராஃப் இருக்கிறதா என்று கேட்டிருந்தால் மேசையைக் காட்டியிருப்பார். கையில் பட்டை கட்டுவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

6. அப்புறம் எப்படி உடம்புப் பக்கம் திரும்பியது?

19ஆம் நூற்றாண்டின் உடலியல் கூடங்கள் வழியாக. 1840களில் ஜெர்மனியில் கார்ல் லுட்விக் புகைக்கரி பூசிய உருளையைச் சுழலவிட்டு, ரத்த அழுத்தத்தை ஒரு முள்ளால் அதில் கீறவைத்தார். கருவியின் பெயர் கைமோகிராஃப்: அலை எழுதி. நாடியை எழுதுவது ஸ்ஃபிக்மோகிராஃப், மூச்சை எழுதுவது நியூமோகிராஃப் என்று வரிசையாக ‘எழுதி’கள் பிறந்தன. பிரான்சில் உடலியலாளர் மாரே ஒரே நேரத்தில் பல அசைவுகளைப் பதியும் கருவியைப் பாலிகிராஃப் என்றார். ஒரே உருளையில் பல கோடுகள் என்பதால் பெயர் சரியாகப் பொருந்தியது.

வைத்தியத்தில் இதை நிலைநாட்டியவர் இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் வைத்தியம் பார்த்த ஜேம்ஸ் மெக்கன்சி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பக்கத்து ஊர்க் கடிகாரக்காரர் ஒருவரின் உதவியோடு, கரிப்புகைக்குப் பதில் மையால் எழுதும் பாலிகிராஃபைச் செய்யவைத்தார். சாவி கொடுத்த கடிகாரப் பொறி தாள்சுருளை இழுக்கும். ஒரு பேனா கழுத்துச் சிரையின் துடிப்பை எழுதும், இன்னொன்று மணிக்கட்டு நாடியை எழுதும், மூன்றாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஒரு கோடு குறிக்கும். மூன்றையும் மேலும் கீழுமாக ஒப்பிட்டால் இதயத்தின் மேலறையும் கீழறையும் ஒழுங்காகத் துடிக்கின்றனவா என்று தெரியும். இதயத் துடிப்புக் கோளாறுகளைப் பிரித்தறிய அவருக்கு உதவியது இதுவே. அந்தக் காலத்துப் பாலிகிராஃபுக்கு நோயாளிதான் உண்டு, குற்றவாளி கிடையாது.

7. ‘லை டிடெக்டர்’ என்று பெயர் வைத்தது யார்?

ஒருவர் கைகாட்டிச் சொல்லும்படி யாரும் இல்லை. 1909 வாக்கிலேயே, கருவி ஒழுங்காக உருவாகும் முன்பே, அந்தச் சொல் ஆங்கில அச்சில் வந்துவிட்டது. பொய்யை உடம்பு காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கை துப்பறியும் கதைகளில் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. 1920களில் அமெரிக்கப் பத்திரிகைகள் சொல்லை எடுத்துக்கொண்டன.

கருவியைக் கட்டியவர்கள் (அடுத்த பதிலில் வருகிறார்கள்) வைத்த பெயர்களைப் பாருங்கள். லார்சன் வைத்தது ‘கார்டியோ-நியூமோ-சைக்கோகிராம்’: இதயம், மூச்சு, மனம் ஆகியவற்றின் பதிவு. கீலர் தம் முதல் கருவிக்கு வைத்தது ‘எமோட்டோகிராஃப்’: உணர்ச்சி எழுதி. 1931 ஜனவரியில் கீலருக்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் தலைப்பு ‘தமனி ரத்த அழுத்தத்தைப் பதியும் சாதனம்’. பொய் என்ற சொல் எதிலுமே இல்லை. பாலிகிராஃப் என்பது கருவி என்ன செய்கிறது என்று சொல்லும் பெயர். லை டிடெக்டர் என்பது அது என்ன செய்யும் என்று கொடுத்த வாக்குறுதி. தமிழில் நமக்கு வந்து சேர்ந்தது வாக்குறுதிதான். அதை 12ஆம் கேள்வியில் பார்ப்போம்.

8. மார்ஸ்டன், லார்சன், கீலர் என்று மூன்று பேரைச் சொல்கிறார்கள். நிஜமாகக் கண்டுபிடித்தவர் யார்?

‘எதை’ என்று கேட்டால்தான் பதில் வரும். குற்றம் சாட்டப்பட்டவரின் நாடியை அளந்து பார்த்தவர்களில் முன்னோடி இத்தாலியக் குற்றவியலாளர் லொம்ப்ரோசோ. 1895இல் அதைப் பற்றி எழுதினார். தண்ணீருக்குள் கையை வைத்து, நாடித் துடிப்பால் நீர்மட்டம் அசைவதைப் பதியும் கருவி அது. வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் 1915 முதல் ஹார்வர்டில் ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யை அறியலாம் என்றார். ஆனால் அவர் கேள்விகளுக்கு நடுவே விட்டுவிட்டு அழுத்தம் பார்த்தாரே தவிர, தொடர்கோடு எழுதவில்லை. 1923இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று ஃப்ரை வழக்கில் ஏற்க மறுத்தது இந்தச் சோதனையைத்தான். ‘பாலிகிராஃபை நிராகரித்த தீர்ப்பு’ என்று அதைச் சொல்கிறோம். நியாயமாகப் பார்த்தால் அங்கே ‘பாலி’யும் இல்லை, ‘கிராஃப்’பும் இல்லை.

ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் ஒரே தாளில் தொடர்ந்து எழுதவைத்தவர் ஜான் லார்சன். 1921இல், கலிஃபோர்னியாவின் பெர்க்லி போலீசில், தலைமை அதிகாரி ஆகஸ்ட் வோல்மரின் ஆதரவில் செய்தார். லார்சன் உடலியலில் டாக்டர் பட்டம் வாங்கிய போலீஸ்காரர். ஸ்ஃபிக்மோ என்று தொடங்கும் நீளமான பெயர்களைச் சுருக்கி, பத்திரிகைகள் அவருடைய கருவியை ‘ஸ்ஃபிகி’ என்று செல்லமாக அழைத்தன. முதல் பெரிய சோதனை ஒரு மாணவியர் விடுதித் திருட்டு. அங்கே சோதிக்கப்பட்டவர்களில் ஒருவரையே அவர் பின்னால் கல்யாணம் செய்துகொண்டார். பிற்காலத்தில் தம் கருவி போன போக்கைப் பார்த்து வெறுத்தே போனார்.

லியனார்ட் கீலர் கருவியைப் பெட்டிக்குள் அடக்கி, 1930களின் கடைசியில் தோலின் மின்கடத்தலை அளக்கும் கோட்டையும் சேர்த்து, ‘கீலர் பாலிகிராஃப்’ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார். வைத்தியர்களின் சொல் காவல்துறையின் சொல்லாக நிலைத்தது இந்தப் பெட்டியால். மார்ஸ்டன் வேறு வழியில் புகழ் பெற்றார்: 1941இல் வொண்டர் உமன் என்ற சித்திரக்கதை நாயகியைப் படைத்தார். கட்டினால் உண்மை பேசவைக்கும் கயிறு அவள் கையில் இருப்பதற்குக் காரணம் புரிகிறதல்லவா?

9. ‘பல’ என்றால் சரியாக எத்தனை? எதை எதை எழுதுகிறது?

வழக்கமாக மூன்று உடல் இயக்கங்கள், நான்கு கோடுகள். மார்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று நெளிவுள்ள இரண்டு ரப்பர் குழாய்கள் மூச்சை எழுதும். இரண்டு விரல் நுனிகளில் மாட்டும் தகடுகள் வியர்வையால் தோலின் மின்கடத்தல் மாறுவதை எழுதும். மேற்கையில் கட்டும் காற்றுப்பட்டை ரத்த ஓட்டத்தை எழுதும். இப்போது நாற்காலிக்கு அடியில் அசைவுணரியும் உண்டு. காலை அழுத்தியோ தசையை இறுக்கியோ கோட்டைக் குழப்பினால் அது தனிக்கோடாகக் காட்டிக்கொடுக்கும்.

மேற்கைப் பட்டையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. டாக்டர் பார்ப்பதுபோல அது 120/80 என்று எண் தருவதில்லை. சுமார் 60 முதல் 70 மி.மீ. பாதரச அளவுக்குக் காற்றடித்து அப்படியே நிறுத்திவிடுவார்கள். கையில் ரத்தம் கூடிக் குறைவது பட்டைக்குள் இருக்கும் காற்றைத் தள்ளும்; அந்தத் தள்ளலே கோடு. அதிக நேரம் கட்டியிருந்தால் கை மரத்து நீலம் பாரிக்கும், வலியே கோட்டை மாற்றிவிடும். அதனால் ஒரு சுற்றுக்குப் பத்துக் கேள்வி அளவில் நிறுத்தி, காற்றை இறக்கி, ஓய்வு கொடுத்து மறுபடி தொடங்குவார்கள். குறைந்தது மூன்று சுற்று.

பேனா வைத்த பழைய கருவியில் தாள் நிமிடத்துக்கு 6 அங்குலம் ஓடும். கேள்விக்குக் கேள்வி 20 முதல் 25 நொடி இடைவெளி விடுவது, முந்தைய கேள்வியில் ஏறிய கோடு இறங்கட்டும் என்பதற்காக. அவசரப்பட்டு அடுத்த கேள்வியைக் கேட்டால் இரண்டு கேள்விகளின் எதிர்வினையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எது எதற்கென்று பிரிக்க முடியாது. இப்போது பேனா இல்லை, கணினித் திரைதான். பெயரில் மட்டும் எழுத்து மிச்சம்.

10. கோடு துள்ளினால் பொய் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஒரு கோட்டைத் தனியாகப் பார்த்து யாரும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. ஒப்பிட்டுத்தான் சொல்கிறார்கள். ‘அந்தப் பணத்தை நீங்கள் எடுத்தீர்களா?’ என்பது வழக்குக் கேள்வி. ‘25 வயதுக்குள் உங்களுக்குச் சொந்தமில்லாத எதையாவது எடுத்ததுண்டா?’ என்பது ஒப்புக் கேள்வி. குற்றமற்றவருக்கு இரண்டாவது கேள்வியில்தான் உறுத்தல் அதிகம் இருக்கும், செய்தவருக்கு முதல் கேள்வியில் என்பது கணக்கு. அமெரிக்கப் பாலிகிராஃப் நிபுணர் ஜான் ரீட் 1947இல் இந்த முறையை எழுதினார்.

பிறகு வந்த மதிப்பெண் முறையில் வழக்குக் கேள்வி, ஒப்புக் கேள்வி என்ற ஒவ்வொரு இணையிலும் ஒவ்வொரு உடல் இயக்கத்துக்கும் +3 முதல் −3 வரை போடுகிறார்கள். மூன்று வழக்குக் கேள்வி, மூன்று சுற்று என்று கூட்டி, மொத்தம் +6 அல்லது அதற்கு மேல் வந்தால் ‘பொய்க்குறி இல்லை’, −6 அல்லது அதற்குக் கீழே போனால் ‘பொய்க்குறி உண்டு’, நடுவே நின்றால் ‘முடிவு சொல்ல இயலாது’ என்பது பரவலான அளவு. கேள்விகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே வாசித்துக் காட்டிவிடுவார்கள் என்பது பலருக்குத் தெரியாது. திடீரென்று கேட்டால் அந்தத் திடுக்கிடலும் கோட்டில் ஏறிவிடுமே!

11. உண்மையைச் சொல்றவனுக்கும் பயத்துல கோடு ஏறாதா?

ஏறும். மூச்சு, வியர்வை, நாடி மூன்றும் பதற்றத்துக்கு அசைகின்றன. பதற்றம் பொய்யால் வந்ததா, மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தால் வந்ததா, அந்தக் கேள்வியைக் கேட்டதால் வந்த கோபமா என்று பிரித்துச் சொல்லும் தனிக்கோடு உடம்பில் இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: சோவியத் நாட்டுக்கு உளவு சொன்ன சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986லும் 1991லும் இந்தச் சோதனையில் சிக்காமல் தப்பினார். 1994இல் கைதானார்.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2003இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது. 10,000 ஊழியர்களில் 10 பேர் உளவாளிகள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 8 பேரையாவது பிடிக்கும்படி அளவை வைத்தால், நல்ல துல்லியம் என்று வைத்துக்கொண்டாலும், நிரபராதிகள் 1,598 பேர் சேர்ந்து சிக்குவார்கள். சிக்கிய 200 பேரில் ஒருவர்தான் உளவாளி. ஒரு குறிப்பிட்ட குற்றத்தைப் பற்றி நாலு பேரை விசாரிப்பது வேறு. கூட்டத்தையே வலைபோட்டு அரிப்பது வேறு.

12. தமிழில் எது சரி: பொய் கண்டறியும் கருவியா, உண்மை கண்டறியும் சோதனையா?

இரண்டும் வழக்கில் இருக்கின்றன. இரண்டுமே பாலிகிராஃப் என்ற சொல்லின் மொழிபெயர்ப்பு அல்ல. ‘பொய் கண்டறியும் கருவி’ என்பது லை டிடெக்டரின் நேர் தமிழாக்கம். ‘உண்மை கண்டறியும் சோதனை’ இன்னும் ஒரு படி தாண்டியது. பொய் என்று ஐயப்படுவது ஒன்று, உண்மை இது என்று எடுத்துக் கொடுப்பது இன்னொன்று. பின்னதை இந்தக் கருவியால் செய்யவே முடியாது. ஒருவர் ‘இல்லை’ என்றபோது கோடு ஏறினால், பணத்தை எங்கே வைத்தார் என்றா தாள் சொல்லும்?

சொல்லைப் பிரித்துத் தமிழாக்கினால் ‘பல்வரைவி’ என்று வரும். அழகான சொல்தான், ஆனால் படிப்பவருக்கு விளக்கம் தேவைப்படும். எழுதுபவர்களுக்கு எங்கள் யோசனை: முதல் முறை ‘பாலிகிராஃப் என்ற பொய்யறி சோதனை’ என்று எழுதுங்கள், அடுத்து வரும் இடங்களில் ‘பாலிகிராஃப்’ போதும். ‘உண்மை கண்டறியும்’ என்பதைத் தலைப்பிலாவது தவிர்க்கலாம்.

13. உண்மை கண்டறியும் சோதனைன்னா ஊசி போட்டுப் பேசவைக்கிறதுதானே?

அது நார்கோ அனாலிசிஸ். சோடியம் பென்டதால் போன்ற மருந்தை நரம்பில் ஏற்றி அரைமயக்கத்தில் கேள்வி கேட்பது. பாலிகிராஃபில் மருந்து கிடையாது; முழு விழிப்பில் உட்காரவைத்துக் கேட்பது. மூன்றாவதாக, மூளை மின்னலைகளைப் பதியும் சோதனை ஒன்றும் உண்டு. தமிழ்ச் செய்திகள் மூன்றுக்குமே ‘உண்மை கண்டறியும் சோதனை’ என்று போடுவதால்தான் இந்தக் குழப்பம். 2012இல் திருச்சியில் நடந்த ராமஜெயம் கொலை வழக்கில், சம்மதித்தவர்களுக்கு 2023இல் நடத்தியது பாலிகிராஃப். ஆனால் செய்தியில் வந்த சொல் இதே பொதுச்சொல். படித்தவர்களில் பலர் ஊசியைத்தான் நினைத்துக்கொண்டார்கள்.

14. பாலிகிராப், பாலிகிராஃப், பொலிகிராப், போலிகிராஃப்: எப்படி எழுதுவது?

முதல் இரண்டும் சரி. ஆய்தம் வைப்பது உங்கள் பத்திரிகையின் நடையைப் பொறுத்தது. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். பொலிஸ் என்று எழுதும் இலங்கை வழக்கில் ‘பொலிகிராப்’ இயல்பாக இருக்கும். கிரேக்க ஒலிக்கும் அதுவே அருகில். ‘போலிகிராஃப்’ மட்டும் வேண்டாம். தமிழில் போலி என்றால் என்ன என்று தெரியும். கருவியின் எதிர்ப்பாளர்கள் வேண்டுமென்றே எழுதினால் ஒழிய.

15. கோர்ட்டில் இது செல்லுமா, செல்லாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2010 மே 5 அன்று தீர்ப்புச் சொன்னது. சம்மதம் இல்லாமல் பாலிகிராஃபோ, நார்கோவோ, மூளைச் சோதனையோ செய்யக் கூடாது. காரணம், தனக்கெதிராகத் தானே சாட்சியாகும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியலமைப்புப் பிரிவு 20(3), கூடவே பிரிவு 21. இதில் சொல் சார்ந்த நுணுக்கம் ஒன்று இருக்கிறது. வாயே திறக்காமல் வியர்வையும் மூச்சும் சொல்வது ‘சாட்சியம்’ ஆகுமா என்ற கேள்வி எழுந்தது. ஒருவரின் மனத்தில் இருப்பதை வெளிக்கொணர்வதால் ஆகும் என்றது நீதிமன்றம்.

சம்மதத்தோடு செய்தாலும் சோதனை முடிவையே சாட்சியமாக வைக்க முடியாது. ஆனால் அதன் தொடர்ச்சியாக ஒரு பொருளோ தகவலோ கண்டெடுக்கப்பட்டால் அதை ஏற்கலாம்; அன்று சாட்சியச் சட்டத்தின் பிரிவு 27, 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 23இன் காப்புரை (விதிவிலக்கு வாசகம்). ‘செல்லும்’ என்பவர் இந்தப் பின்பாதியையும், ‘செல்லாது’ என்பவர் முன்பாதியையும் சொல்கிறார்கள். சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன் பதியவேண்டும், வழக்கறிஞரை அணுக வாய்ப்புத் தரவேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2000இல் வகுத்த நெறிகளைப் பின்பற்றச் சொன்னதும் இதே தீர்ப்புதான்.

16. ‘பாலிகிராஃபில் தோற்றார்’, ‘பொய் அம்பலம்’ என்று எழுதலாமா?

வேண்டாம். 10ஆம் பதிலில் சொன்ன மூன்று முடிவுகளில் எதுவும் தேர்ச்சி, தோல்வி இல்லை. ‘பொய்க்குறி காணப்பட்டதாக அறிக்கை கூறுகிறது’ என்று எழுதினால் கருவி சொன்னதையும் நிபுணர் படித்ததையும் பிரித்துக் காட்டியதாகும். ‘முடிவு சொல்ல இயலாது’ என்று வந்ததை ‘சந்தேகம் வலுத்தது’ என்று மொழிபெயர்த்த செய்திகள் உண்டு. அது மொழிபெயர்ப்பே அல்ல, தீர்ப்பு.

17. தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னு போனா, டாக்டர் ‘பாலிகிராஃபி’ எழுதிக் குடுத்திருக்கார். எனக்கு எதுக்கு அந்த டெஸ்ட்?

பயப்பட வேண்டாம். இது 6ஆம் பதிலில் பார்த்த மருத்துவச் சொல்லின் நேர்வாரிசு. மூக்கின் காற்றோட்டம், மார்பு வயிற்று அசைவு, ரத்தத்தில் ஆக்சிஜன், நாடி ஆகியவற்றை இரவு முழுவதும் பதிவது; வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இதோடு மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை ஆகியவற்றையும் சேர்த்துக் கூடத்தில் படுக்கவைத்துச் செய்தால் பாலிசோம்னோகிராஃபி. நடுவில் இருக்கும் ‘சோம்னுஸ்’ லத்தீனில் தூக்கம். இருபுறமும் கிரேக்கம், நடுவே லத்தீன் என்று கலப்புச் சொல்.

18. ரஷ்யாவில் பாலிகிராஃபிக் இன்ஸ்டிட்யூட் என்று ஒரு கல்லூரி பார்த்தேன். பொய் பிடிக்கவா பாடம் நடத்துகிறார்கள்?

அச்சுத்தொழில் பாடம். ரஷ்ய மொழியில் ‘பொலிகிராஃபியா’ என்றால் அச்சுத்தொழில். ஒன்றைப் பல படிகளாக எழுதுவது என்ற பொருள். ஜெஃபர்சனின் மேசைக் கருவியோடு இதைச் சேர்த்துப் பாருங்கள், வழி புரியும். அதே மொழியில் ‘பொலிகிராஃப்’ என்று பொய்யறி கருவியையும் சொல்கிறார்கள். வாக்கியத்தைப் பார்த்துத்தான் பிரிக்கவேண்டும்.

19. போனில் குரலை வைத்துப் பொய் கண்டுபிடிக்கும் ஆப் வந்திருக்கிறது. அதையும் பாலிகிராஃப் என்று சொல்லலாமா?

சொல்லின்படி கூடாது. குரல் ஒன்றை மட்டும் அளப்பது ‘பல’ ஆகாது. விரலை வைத்தால் சிவப்பு விளக்கு எரியும் விளையாட்டுச் சாமானும் அப்படியே. அதில் ‘கிராஃப்’பும் இல்லை, எதையும் எழுதி வைப்பதில்லை. விளம்பரத்தில் லை டிடெக்டர் என்று போட்டுக்கொள்வார்கள்; அந்தப் பெயர் 1909இலிருந்தே யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி கிடக்கிறது. மொழிபெயர்க்கும்போது ‘குரலழுத்தச் சோதனை’ என்று எழுதுங்கள். எது அளக்கப்படுகிறது என்பதாவது படிப்பவருக்குத் தெரியும்.